நான் புரட்டாத பக்கம்

டாக்டரம்மாவின் காருடைய கியர்பெட்டி கருகிப்போனதற்குக் காரணம் நான். அதற்காக வேலையையும் பெயரையும் இழந்தவர் டிரைவர். அவரை விசாரித்து அனுப்பியபோது நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் அலுவலக மேலாளர். டாக்டரம்மாவுக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. கிளட்சை மிதிக்க முடியாது. நாடு திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தம்முடைய காரை அவருக்கே விட்டுவிட்டுப் போனார். அதில் கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறும். கழுகுமலையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு டாக்டரம்மா அதைத் தாமே ஓட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தார்.

வண்டியைப் பேணுவதும், டாக்டரம்மா களைத்துப்போனால் ஓட்டுவதும் டிரைவர் வேலை. அவர் எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், ஆடு மேய்த்த குடும்பம். லாரியில் கிளீனராக ஏறித் தொழில் படித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணாச்சி என்பேன். நான் பட்டதாரி என்பதால் அவர் என்னைச் சார் என்பார்.

அந்தக் கியர்பெட்டிக்கென்று தனி எண்ணெய் உண்டு. ரத்தம் போல் சிவப்பாக இருக்கும். அளவு பார்க்க, கோடு போட்ட நீளமான ஒரு கம்பி. எங்கள் பக்கத்தில் லாரியோ பஸ்ஸோ, ஆயிலைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பார்த்துவிடுவார்கள். கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவார்கள். அவரும் அப்படித்தான் செய்துவந்தார். ஆனால் அவர் கை சும்மா இருக்கிற கை இல்லை. ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவிப் பார்த்திருக்கிறார். மறுநாள் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், காலைல பாத்தா எண்ணெய் கோட்டைத் தாண்டி நிக்குது. என்ஜின் ஓடும்போது பாத்தா கோட்டுக்குச் சரியா நிக்குது. எது நெசம்னு இதுல போட்டிருக்கும். கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

நான் நின்றபடியே புத்தகத்தைப் பிரித்தேன். அளவு மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நுரைத்துக் கேடு விளையும், மிகுதியை எடுத்துவிட வேண்டும் என்று பக்கத்தின் அடியில் இருந்தது. அடுத்த பக்கத்தை நான் புரட்டவில்லை.

"காலைல பாக்கதுதான் சரி அண்ணாச்சி. ஓடுற வண்டில யாராவது ஆயில் பாப்பாங்களா? கூட இருக்கதை எடுத்துருங்க."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கா?"

"நான் என்ன கதையா சொல்லுதேன்?"

அவர் சிரித்தார். "படிச்சவிய சொன்னா சரிதான்."

குளுக்கோஸ் ஏற்றும் குழாயைக் கம்பி செருகும் துவாரத்துக்குள் விட்டு, பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். ஒரு குளுக்கோஸ் பாட்டில் நிறைந்தது. மூடிபோட்டு ஷெட்டின் மாடத்தில் வைத்தார். அந்த வழியாகப் போன நர்ஸ், "யாருக்கு அண்ணாச்சி ரத்தம்?" என்று கேட்டாள். "காருக்குத்தான் தாயி, அதுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்றார்.

அந்த வாரமே மழை. கழுகுமலைக்கு அப்பால் கரிசல் வண்டிப்பாதையில் சக்கரம் புதைந்தது. டாக்டரம்மா விசையை மிதிக்க மிதிக்க என்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. கருகல் வாடை வந்து, பிறகு சக்கரம் சுற்றுவதும் நின்றது. இரும்புச் சட்டம் கட்டிய காலோடு அந்தச் சகதியில் இறங்கி, உழவுக்கு வந்த ஒரு சம்சாரியின் மாட்டுவண்டியில் ஏறி டாக்டரம்மா ஊர் திரும்பினார்.

கார் கட்டி இழுத்து வரப்பட்ட அன்று பிற்பகலில்தான் நான் அடுத்த பக்கத்தை வாசித்தேன். என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும், அப்போதுதான் அளக்க வேண்டும். நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்து கூடுதலாகக் காட்டும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அவர் கை கண்டுபிடித்தது சரி. நான் சொன்னது தப்பு.

மறுநாள் டாக்டரம்மா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதை எடுக்கச் சொன்னது யாரு?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்த பார்வை அது. நான் பதிவேட்டைப் புரட்டினேன். அவரே, "நாந்தாம்மா எடுத்தேன்" என்றார். அது பொய்யில்லை. அன்றே டாக்டரம்மா அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா வராத கிராமங்களிலிருந்து ஆட்கள் நோயாளிகளைக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். டிரைவரை ஊரில் யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. "டாக்டரம்மா வண்டிக்கு ரத்தம் எடுத்தவரு" என்று கார் ஸ்டாண்டில் கேலி பேசினார்கள். நானும் ஒருமுறை டீக்கடையில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவருகிட்ட போங்க" என்றார்.

அந்த இரண்டு பக்கத்தையும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறினேன். அவர் கம்மங்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியும் சார், நீங்க தலையைக் குனிஞ்சப்பவே."

பக்கத்து நிரையிலிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். "இவிய படிச்ச படிப்புக்கு நாங்க கம்மங்காட்டுல நிக்கோம். நல்லா படிச்சாவ!"

"நீ சும்மா இரு" என்றவர் என்னிடம், "எங்கிட்ட சொன்னதை அங்கன, கார் ஸ்டாண்டுல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். பத்துப் பதினைந்து டிரைவர்கள் நடுவில் நின்று, நான்தான் தப்பாக வாசித்தேன் என்று சொன்னேன். ஒருவர், "ஏலே, காலேஜுல ஒரு பக்கத்தோட விட்டுருவாக போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுதியதை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "மட்டமான தரைன்னா நம்ம கரிசல்ல எங்க போக? ஆஸ்பத்திரி வாசல் சிமெண்டுத் தரைதான்" என்றார்.

கியர்பெட்டி வந்து பூட்டியபின் டாக்டரம்மா அழைத்து, அவர் வேலைக்குத் திரும்பினார். அந்தச் சிமெண்டுத் தரையில், ஓடுகிற என்ஜினில், கம்பியை உருவி வெளிச்சத்தில் பார்ப்பதை என் ஜன்னல் வழியாகப் பல வருடம் பார்த்தேன். என்னை முன்போலவே சார் என்றுதான் கூப்பிட்டார்.

ஒருநாள் அவருக்கு லைசென்ஸ் சம்பந்தமாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கையில் பிடித்தபடி என் மேசையைக் கடந்து போய், நர்ஸிடம் கொடுத்தார். அவள் வாசித்துச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

"பின்னாடியும் எழுதியிருக்கான்னு திருப்பிப் பாரு தாயி."