பார்த்துக்கொண்டே இடித்த கம்பி

பரீட்சை எது மாதிரி இருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். ஆரியசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் இப்படிக் கேட்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் மனசு தெரியுமாம். என்னத்தைத் தெரியப்போகிறது என்ற நினைப்போடுதான் சீட்டுகளை வாங்கினேன்.

'பரீட்சை கிழக்கேகோட்டை பஸ். காத்து நின்னா வராது, டீ குடிக்கப் போனா வந்துரும்.' 'பரீட்சை சொந்தக்காரங்க மாதிரி. வந்துட்டுப் போனப்பெறவு வீட்ல நமக்குத்தான் ஏச்சு.'

எங்கள் ஊர்ப் பரீட்சையில் முதல் கால்மணி நேரம் கேள்வித்தாளை வாசிக்க மட்டும்தான். எழுதக் கூடாது. கூல் ஆஃப் டைம் என்று பெயர்; மனசு ஆறுவதற்காம். ஒருத்தன் எழுதியிருந்தான்: 'பரீட்சை ஊசி. கூல் ஆஃப் டைம், பஞ்சு வச்சுத் துடைக்குறது.' கணக்கில் பத்தைத் தாண்டாத பயல்! சிரித்துத் தீரவில்லை.

அடுத்த சீட்டில் சிரிப்பு நின்றது. 'பரீட்சை எச் எடுக்குற மாதிரி.'

எழுதியவள் மூன்றாம் பெஞ்சுக்காரி. வகுப்பில் கேட்டால் டக்கென்று சொல்வாள். பரீட்சையில் கோட்டை விடுவாள். அவள் தாளில் 'கவனம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி எழுதி எனக்கே கை வலித்திருக்கிறது.

எச் என்பது டிரைவிங் டெஸ்ட். மைதானத்தில் அந்த ஆங்கில எழுத்தின் வடிவில் கம்பிகள் நட்டிருப்பார்கள். கம்பியில் படாமல் காரை முன்னும் பின்னுமாக ஓட்டி வெளியே வர வேண்டும். நான் மூன்று முறை தோற்றிருந்தேன். மூன்று முறையும் பல்வலி என்று லீவு எழுதினேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. என் பல்லைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை.

அந்த வாரமே நான்காவது டெஸ்ட். இதிலும் போனால் லேனர்ஸ் லைசென்ஸ் காலாவதியாகி, எல்லாம் முதலிலிருந்து. டெஸ்ட் அன்று மைதானத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். துடைக்க ஒரு பஞ்சுகூட இல்லையே என்று தோன்றியது.

"எந்தா டீச்சரே, எடுக்குன்னில்லே?" என்றார் அதிகாரி மலையாளத்தில். வண்டியை எடுக்கவில்லையா என்கிறார்.

எடுத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியாகப் பின்னால் வரும்போது இடது பக்கக் கம்பி கண்ணாடியில் தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதும் தெரியும். கை மறுபக்கம் ஒடித்தது. டங்!

"ஸ்ரத்திக்கண்டே டீச்சரே?"

கவனிக்க வேண்டாமா என்று கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை ஐயா!

மைதானத்து ஓரத்தில் டீக்கடை. கிளாஸை நீட்டிய கடைக்காரர் மெல்லக் கேட்டார்: "இந்த வட்டமும் கடைசிக் கம்பிதானா டீச்சர்? எம்மக ஒங்க கிளாஸ்லதான் படிக்கா. மூணாவது பெஞ்சு."

டீ புரை ஏறியது.

மறுநாள் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். கையில் திருத்திய விடைத்தாள் கட்டு.

"ஒனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"மொதத் தடவையே தெரியும் டீச்சர். அப்பா சொல்லிச்சு."

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல டீச்சர். கேட்டவங்கள்ட்ட பல்வலின்னுதான் சொன்னேன்."

பிறகு அவளே ஒன்று கேட்டாள்.

"டீச்சர், அந்தக் கம்பிய நீங்க கண்டீங்களா, காணலையா?"

"கண்டேனே. கண்டுட்டுத்தான் போய் இடிச்சேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அப்படித்தான் டீச்சர். கண்டுட்டுத்தான் தப்பா எழுதுதேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய தாள் கட்டின் மேலேயே இருந்தது. 'கவனம் இல்லை' என்று போன வாரமே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன்.