மாதாவுக்கு வைத்த பொட்டு

தரமணி ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள். கேக் மேலிருந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்த புகை மூக்கில் ஏறியதும், கோட்டூர்புரம் ஆற்றோரத்தில், எங்கள் குடிசைகளோடு சேர்த்து இடித்துத் தள்ளிய மாதா கெபியின், அந்தச் சின்னச் சிலைக்கூண்டின், படியில் நினைவில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, "நா வர்ற வரிக்கும் மாதாவாண்டயே குந்திகினு இரு" என்று தினமும் என்னை விட்டுப்போன படி அது. வெயிலில் சூடேறிய கண்ணாடிக் கதவு, வதங்கிய மல்லி, வழிந்து உறைந்த மெழுகை நான் நகத்தால் சுரண்டும் சத்தம். ஜெபம் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுச் சாமிக்கு வைப்பதுபோல மாதாவுக்கும் குங்குமப் பொட்டு வைப்பேன். கெபியைக் கூட்டவரும் ஸ்டெல்லா அக்கா, "மாதாவுக்கு இதெல்லாம் வெக்கக் கூடாது கண்ணு" என்று விரலால் துடைத்து, அந்தக் குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிடுவாள்.

சர்ச்சுக்கு இன்றுவரை போனதில்லை. ஆனால் வேளச்சேரி ஃப்ளாட்டில், ஃபிரிட்ஜ் மேல் ஒரு சின்ன மாதா இருக்கிறாள். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் பார்ப்பதற்கு ஒரு முகம்.

இன்று அவளுக்குப் பொட்டு வைத்தேன். வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். துடைக்க யாரும் வரவில்லை.