திரும்பாத டிராக்டர்

எங்கள் அத்தையின் டிராக்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்று விழிதியூரில் இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் மாட்டினால் நேரே மட்டும்தான் போகுமாம், திரும்பச் சொன்னால் கேட்காதாம். அந்தப் பெயரை அதற்கு வாங்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

மாமா சிங்கப்பூருக்குப் போனபின் டிராக்டரை அத்தையே ஓட்டினாள். அதுவே அவளுடைய அண்ணனுக்கு, அதாவது எங்கள் பெரியப்பாவுக்கு, பொறுக்கவில்லை. அத்தையின் பங்கு நிலம் அவர் நிலத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் வரப்போரம் போன வண்டிப்பாதைதான் அதற்கு வழி. அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் வந்த வாரத்தில், பெரியப்பா அந்தப் பாதையை மூங்கில் படல் கட்டி அடைத்தார். வழியை மறிக்கவில்லையாம், வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போகலாமாம். வாய்க்கால் ஓரத்தில் மாடு இறங்கினாலே வயிறு வரை புதையும். அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். உழவு நின்றால் நாற்று முற்றிவிடும், சம்பா போய்விடும், பிறகு நிலத்தைக் குத்தகைக்கு என்று அவரிடமே கொடுக்க வேண்டியதுதான். அப்பாவோ அண்ணன் முன்னால் வாய் திறக்காதவர். எனக்கு அதில் இன்றும் கோபம்தான்.

அத்தை யாரிடமும் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. ஒரு காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் மட்கார்டில் தொற்றிக்கொண்டேன். படலுக்கு முன்னால், வாய்க்கால் ஓரத்துக்கு இடப்பக்கம் திரும்பும் இடத்திலேயே தரை இளகிக் கிடந்தது. வலது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றியது. இடது சக்கரம் எனக்கென்ன என்று சும்மா நின்றது. வண்டி அங்குலம்கூட நகரவில்லை.

பெரியப்பா குடையும் கையுமாக வரப்பில் நின்றார். "நான் அப்பவே சொன்னேன்ல? எறங்கும்மா. ஆம்பளைங்க யாரையாச்சும் வரச் சொல்றேன்."

"செத்த தள்ளி நில்லுங்கண்ணே, சேறு தெறிக்கும்" என்றாள் அத்தை.

கியரை இறக்கி, இருப்பதிலேயே மெதுவானதில் போட்டாள். பிறகு இருக்கைக்குக் கீழே இருந்த ஒரு சின்ன மிதியைக் குதிகாலால் அழுத்தினாள். அதுதான் லாக். அதை மிதித்தால் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். ஒன்று உழைக்க இன்னொன்று வேடிக்கை பார்ப்பதெல்லாம் நடக்காது. சும்மா நின்ற சக்கரம் தரையைக் கவ்வியது. வண்டி உறுமிக்கொண்டு மெல்ல மேலேறியது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, கையை விட்டால் விழுந்திருப்பேன்.

அத்தை ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். முன்சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. லாக் விழுந்த வண்டி அப்படித்தான், பின்சக்கரங்கள் இரண்டும் நேரே தள்ளிக்கொண்டு போகும். நேரே இருந்தது படல். மூங்கில் படபடவென்று முறிந்தது. அடைத்து வைத்த பாதையில் ஏறி, அத்தையின் வயலில் போய்த்தான் நின்றோம்.

பெரியப்பா குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"லாக்கு மாட்டிக்கிச்சுண்ணே. ஒடிச்சிப் பாத்தேன், திரும்பமாட்டேங்குது. நீங்களே பாத்தீங்கல்ல?"

அவர் பார்த்திருந்தார். அத்தை ஸ்டியரிங்கை ஒடித்ததைப் பக்கத்து வயலில் நடவுக்கு வந்த பெண்களும் பார்த்திருந்தார்கள். இரும்போடு யார் சண்டை போடுவது? அத்தை அன்றே உழுது முடித்தாள். படலை மறுபடி கட்டினாலும் அந்த டிராக்டர் திரும்பாது என்று ஊரே சொல்லிச் சிரித்ததில், பெரியப்பா அதற்குமேல் மூங்கில் வெட்டவில்லை.

எனக்குத்தான் கவலை. "மெக்கானிக்கிட்ட காட்டலாம் அத்தை" என்றேன்.

"அது அப்படியே கெடக்கட்டும்டி" என்றாள்.

போன வருஷம் அந்த டிராக்டரை நானே சேற்றில் இறக்கினேன். மாட்டிக்கொண்டதும் லாக்கை மிதித்தேன், வெளியே வந்ததும் காலை எடுத்தேன். மிதி தானாக எழும்பியது, வண்டி சொன்னபடி திரும்பியது. அதில் ஒரு பழுதும் இல்லை.

அன்று மட்கார்டில் உட்கார்ந்திருந்த எனக்கு நேர் கீழேதான் அத்தையின் குதிகால் இருந்தது. படல் முறிந்து விழும்வரை அது மிதியைவிட்டு எழவே இல்லை. பாவம், அத்தையின் காலும் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.