பலகையக்காவின் சூளை

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, மண் உருவத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அக்கா கண்ணை மூடுகிறார். "இன்னும் ஜில்லுன்னு இருக்கு. உள்ள ஈரம் போகல. இப்ப நெருப்புல வெச்சா பட்டாசு மாதிரி வெடிச்சிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அலமாரியில் திரும்ப வைக்கிறார். கன்னத்தில் ஒட்டிய மண் அப்படியே இருக்கும். யாராவது சுட்டிக்காட்டினால், "இருக்கட்டும், பவுடர் மிச்சம்" என்பார்.

எங்கள் தெருவில் அவருக்குப் பலகையக்கா என்று பெயர். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. சக்கர நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார். அதுதான் அவருடைய பட்டறை, சாப்பாட்டு மேசை, வெங்காயம் நறுக்கும் இடம், கோபம் வந்தால் தட்டுகிற இடம் எல்லாம். நான் மாடிவீட்டுக்காரன். பலகைச் சத்தத்தை வைத்தே கீழே என்ன நிலவரம் என்று சொல்லிவிடுவேன்.

அவர் செய்யும் ஆட்களைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். வயிறும் கையும் அச்சு அசலாக இருக்கும். தலை மட்டும் ஏனோதானோவென்று, எலுமிச்சம்பழ அளவில் இருக்கும். தபால்காரரைத் தொந்தியை வைத்தும், மருந்துக்கடைக்காரரை மோதிர விரலை வைத்தும் தெருவே அடையாளம் கண்டுகொண்டது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நீங்கள்லாம் நிக்கிறீங்க, நான் உக்காந்திருக்கேன். என் கண்ணுக்கு நேரா வர்றது உங்க தொந்திதானே தம்பி? மூஞ்சியப் பாக்கணும்னா அண்ணாந்து பாக்கணும். கழுத்து வலிக்கும்ல?"

அன்றிலிருந்து அவர் முன்னால் போனால் வயிற்றை எக்கிக்கொள்கிறேன். "மூச்ச விடுங்க தம்பி, உங்களத்தான் போன மாசமே செஞ்சு முடிச்சாச்சே" என்றார்.

செய்வதில் பிரச்சினை இல்லை, சுடுவதில்தான். ஊரின் அடுத்த முனையில் இருக்கும் ஒரு பட்டறைச் சூளைக்கு ஆட்டோவில் கொண்டுபோக வேண்டும். அங்கே வாசலில் படிகள். இவர் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்க, யாராவது வந்து உருவங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், நாங்களே அடுக்கிக்கிறோம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பில் பாதி உருவங்கள் கையொடிந்து திரும்பிவரும். ஒடிந்ததைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார்.

"பிள்ளைய மொத நாள் பள்ளிக்கூடத்துல நாமளே கொண்டுபோய் விடணும்னு இருக்காதா? இத்தன வருஷத்துல ஒண்ணக்கூட என் கையால நெருப்புல வெச்சதில்ல" என்று ஒருநாள் சொன்னார். அன்று பலகையில் சத்தமே இல்லை.

கணவர் வெல்டிங் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால், மனைவிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசுவார். அப்படி உட்கார்ந்துதான், "நம்ம வீட்லயே ஒரு சூளை வெச்சிடலாம்மா" என்றார். பின்வாசலில் தகரக் கூரைக்கடியில் ஒரு மின்சூளை எழும்பியது. மூடி மேலே இருந்தால் கை எட்டாது என்று கதவை முன்பக்கம் வைத்தார். நாற்காலியின் கால்தட்டு அடியில் நுழைய இடம் விட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு அக்காவைச் சுற்றிச்சுற்றி அளந்தார். கல்யாண மாப்பிள்ளையைக்கூடத் தையற்காரர் அப்படி அளந்திருக்கமாட்டார்.

சூளை தயாரானது. பலகையில் உருவத்தை வைத்துக்கொண்டு அக்கா ஜம்மென்று உருட்டிக்கொண்டு வந்தார். டங்கென்று இடித்து நின்றது நாற்காலி. சூளையின் வாசல் பலகைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கனமான உருவத்தைத் தூக்கி, குனிந்து உள்ளே இறக்கினால்தான் உண்டு. உட்கார்ந்தபடி அது நடக்கிற காரியமில்லை.

"விடிஞ்சதுலேர்ந்து அளந்தீங்களே, என்னத்த அளந்தீங்க?"

"உன்னத்தான் அளந்தேன். பலகை எங்க இருந்துச்சு அப்ப?"

டேப்பைப் பார்த்ததும், உயரம் பார்க்கும்போது செருப்பைக் கழற்றுவதுபோல, அக்கா பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கணவரும் மடியை அளந்துகொண்டு போய்விட்டார். ஊருக்கெல்லாம் பலகையக்கா, அளவெடுக்கும்போது மட்டும் இருவருக்கும் பலகை மறந்துபோயிருக்கிறது. அவர்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டுத்தான் நான் மாடியிலிருந்து இறங்கிவந்தேன்.

கணவர் சூளையின் கால்களுக்கு இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்து உயர்த்தினார். இப்போது பலகையும் சூளைத் தரையும் ஒரே மட்டம். அக்கா உருவத்தை மெல்லத் தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. தானே கதவைச் சாத்தி, தானே சுவிட்சைப் போட்டார்.

சுட்டு முடிந்தும் சூடு இறங்கும்வரை திறக்கக்கூடாது. திறந்தால் விரிசல் விட்டுவிடும். கணவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. "லேசா ஒரு கண்ணு பாத்துட்டு மூடிடறேனே" என்று கதவுப் பக்கமே சுற்றினார். அக்கா கதவுக்கு எதிரில் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டுவிட்டார். "என்னத் தாண்டிப் போயித் திறங்க பாப்போம்." சாப்பாடு, பேப்பர் எல்லாம் அங்கேயே.

"ஒருவேளை வெடிச்சிருந்தா?" என்று நான் சும்மா இருக்காமல் வாயை வைத்தேன்.

"வெடிச்சா வெடிக்கட்டும். நான் வெச்சு வெடிச்சதா இருக்கும்ல" என்றார். ஆனால் விரல்கள் பலகையில் தாளம் போடுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் மாலை கதவின் அருகே கன்னத்தைக் கொண்டுபோனார். "ஆறிடுச்சு." கணவர் உள்ளே கையை விடப்போனார். கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. அக்கா இரண்டு கைகளாலும் உருவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பலகைக்குக் கொண்டுவந்து, விரல்முட்டியால் தட்டினார். கணீரென்றது.

குந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். கையில் டேப். தொந்தி சுமார்தான். ஆனால் முகம் அப்படியே இருந்தது. புருவம், மூக்கின் வளைவு, வெல்டிங் பொறி பட்ட தழும்பு வரை ஒன்றும் விடவில்லை. அக்கா செய்த ஆட்களில் முழு முகம் வாய்த்தவர் இவர் ஒருவர்தான். அந்த முகத்தைப் பார்க்க அக்கா ஒருநாளும் அண்ணாந்ததில்லை.

கணவர் எதிரில் குந்தி உட்கார்ந்து தன்னையே உற்றுப் பார்த்தார். "மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு எனக்கு?"

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து, மண்மூக்கில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். அதே துண்டால், கையோடு, எதிரில் இருந்த மூக்கின் வியர்வையையும் துடைத்துவிட்டார்.