இருபத்துநாலு அங்குல வாசல்

காலை ஏழடிப்பதற்குள் லிப்ஸ்டிக் பூசி, முடியை வாரி, முன்னறை ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்கி வைத்துவிடுவாள் டார்லா கிரெப்ஸ். அப்புறம்தான் காபி. தெருக்கோடியில் ஏதாவது ஒரு பஸ் உறுமினால் போதும், அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போகும். வருவது பள்ளிக்கூடப் பஸ்தான். ஒஹாயோவில் எங்கள் தெருவைத் தேடி வேறு எந்தப் பஸ் வரப்போகிறது? ஆனாலும் எட்டிப் பார்ப்பாள்.

"டிவிக்காரங்க முன்னாடியே சொல்லிட்டா வருவாங்க ரூத்? விடிஞ்சும் விடியாமலும் வாசல்ல நின்னு ஒலிபெருக்கியில பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்ப எண்ணெய் வழியற மூஞ்சியோட போய் நிக்கச் சொல்றியா?" என்று என்னைக் கேட்பாள்.

பத்தொன்பது வருடமாக நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடிக்கிறோம். ஆள் குள்ளம், தோள் மட்டும் பாரம் தூக்குகிறவன் தோள். தலைமை ஆசிரியரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். தட்டில் உருளைக்கிழங்கு மசியலை வைத்துவிட்டு, கரண்டியின் முதுகால் நடுவில் ஒரு குழி போட்டு அதில்தான் குழம்பை ஊற்றுவாள். குழி இல்லாமல் யாராவது ஊற்றினால் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்தில்தான் டிவியில் வீடு கட்டும் நிகழ்ச்சி ஓடும். நொந்துபோன ஒரு குடும்பத்தைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, பழைய வீட்டை இடித்து, ஏழே நாளில் அரண்மனை மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். குடும்பம் திரும்பி வரும்போது பெரிய பஸ் ஒன்று வீட்டை மறைத்து நிற்கும். "பஸ்ஸை நகர்த்துங்க!" என்று ஊரே கத்தும். பஸ் நகரும். எல்லோரும் அழுவார்கள், எல்லோருக்கும் முன்னால் டார்லா அழுவாள். அவளே நான்கு வருடத்தில் நான்கு முறை வீடியோ எடுத்து விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள்.

அரண்மனை கேட்டு அனுப்பவில்லை. அவள் மகன் ட்ராய்க்கு இருபத்தேழு வயது. நான்கு வருடத்துக்கு முன் லாரி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோயிற்று. அவனுடைய சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம்; குளியலறை வாசல் இருபத்துநாலு. அந்த இரண்டு அங்குலத்துக்காகத் தினமும் அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, பின்பக்கமாக நடந்து உள்ளே கொண்டுபோகிறாள். வளர்ந்த பிள்ளை. இருவருமே அப்போது பேசிக்கொள்வதில்லை.

போன வருடம் அந்த நிகழ்ச்சி நிஜமாகவே எங்கள் ஊருக்கு வந்தது. டயர் ஆலை மூடி ஆறு மாதம் ஆகியிருந்த நேரம். டார்லா வீட்டுக்கு அல்ல; மூன்று வீடு தள்ளி, ஸ்டோவர் வீட்டுக்கு. தப்பில்லை, அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள், தகப்பன் செத்துப்போயிருந்தார். ஒரே நிறச் சட்டை மாட்டிக்கொண்டு இரண்டாயிரம் பேர் இலவசமாக உழைத்தார்கள். அந்த ஆலையில் தச்சராக இருந்து வேலை போனவர் என் வீட்டுக்காரர் கஸ். அவரும் போய்ப் பதினொரு கதவு மாட்டினார். கப்பல் வடிவத்தில் ஒரு படுக்கையறை, சுவருக்குள் மீன் தொட்டி, காலணிக்கென்று தனி அறை. டார்லா ஏழு நாளும் மாக்கரோனியும் மாட்டுக்கறியும் சீஸும் போட்டுத் தட்டுத் தட்டாகச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பஸ்ஸை நகர்த்தச் சொல்லும் கத்தல் டைரக்டருக்குத் திருப்தி வரும்வரை ஒன்பது தடவை நடந்தது. ஒன்பது தடவையும் உச்சக் குரல் அவளுடையது.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் காபி குடிக்கும்போது சண்டை கிளம்பிற்று. கஸ்தான் ஆரம்பித்தார். "ஊர்ல பாதிப் பேர் கூரையில ஒழுகாம இருக்க நீலத் தார்ப்பாய் கிடக்குது. மீனுக்குச் சுவருக்குள்ள வீடு. அந்தச் செலவுல தெரு முழுக்கக் கூரை போட்டிருக்கலாம்."

"தெரு முழுக்கக் கூரை போட்டா எவன்யா உக்காந்து டிவியில பார்ப்பான்?" என்றாள் டார்லா. "நல்லது நடக்குதேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டீங்க. கஷ்ட காலத்துல மனுஷனுக்கு அழகா ஒண்ணு பார்க்கணும்னு இருக்காதா?"

"அழகு இருக்கட்டும். உன் வாசலுக்கு என்ன வழி?"

அவள் காபிக் குவளையைக் கழுவப் போய்விட்டாள். குவளை பாதி நிறைந்திருந்தது.

அந்த வாசலுக்கு வழி அவள் வீட்டு நடையிலேயே சாய்ந்து நின்றது. ஸ்டோவர் வீட்டை இடித்தபோது குப்பைத் தொட்டியில் எறிந்த கதவு, முப்பத்தாறு அங்குலம், கீறல்கூட இல்லை. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துத் தூக்கிவந்தோம். சுவரை அறுத்து அதை மாட்ட கஸுக்கு அரைநாள் வேலை. இலவசமாகச் செய்கிறேன் என்று தலைகீழாக நின்றும் பார்த்தார். மாட்டேன் என்றுவிட்டாள்.

"சரி பண்ணிட்டா அப்புறம் அவங்க எதைப் பார்க்க வருவாங்க ரூத்? வீடியோவில அந்த வாசலைத்தான் முதல்ல காட்டியிருக்கேன்."

வீட்டு முகப்பில் உடைந்து கிடந்த படியையும் அதற்காகவே விட்டுவைத்திருந்தாள். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யோசித்தால், எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வருடம் அப்படித்தான் ஏதோ ஒன்றைச் சரிபண்ணாமல் காத்திருந்தோம். ஆலை திறக்கும் என்று கஸ் தன் பழைய அடையாள அட்டையைக் காரிலேயே தொங்கவிட்டிருக்கவில்லையா?

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை ட்ராயைத் தூக்கிப்போகும்போது அவள் முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார்கள். நான் போனபோது பாதி உள்ளே பாதி வெளியே கிடந்தார்கள். அவன் தலை அவள் மடியில். இருவரையும் தூக்கி உட்காரவைத்தேன்.

ட்ராய் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு மாளிகை வேணாம்மா. ஒரே ஒரு தடவையாவது நானே உள்ள போய்க் கதவைச் சாத்திக்கணும். நாலு வருஷமா அது ஒண்ணுதான் ஆசை."

டார்லா அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "சனிக்கிழமை கஸுக்கு வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கஸுக்கு எந்தக் கிழமையும் வேலை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கதவு ஏறிவிட்டது. கஸ் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். டார்லா துடைப்பத்தோடு வாசலுக்கு நேரே நின்று, பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள். நகரவில்லை.

"அந்த பஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்துங்கப்பா" என்றான் ட்ராய்.

அவள் ஒதுங்கினாள். அவன் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு, தேவையே இல்லாமல், அதைத் திறந்து இன்னொரு முறை போட்டான்.

அப்போது தெருக்கோடியில் ஒரு பஸ் உறுமிற்று. சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. டார்லாவின் கண் சாத்தியிருந்த கதவை விட்டு நகரவில்லை; கை மட்டும் மெல்ல உயர்ந்து, தலையில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளோடு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டது.