அந்தப் படத்தில் இருப்பது என் விரல் அல்ல

குண்டசாலைக்கு மேலே, ஆடு ஏறவே யோசிக்கும் சரிவில் நாலு அறை வீடு கட்டியவன் நான். மேசன் பாஸ் மூன்றாம் நாளே ஓடிவிட்டார். மிச்சச் சுவரை நானே எழுப்பினேன். அதில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனால் நிற்கிறது. தண்ணீர் வராது என்று ஊரே சொன்ன இடத்தில் கிணறு தோண்டினேன். எழுபது முட்டைக் கோழிகளுக்குக் கூடு கட்டினேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மகளை டீச்சராக்கினேன். இதையெல்லாம் யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வான்கோழிக் குஞ்சு விஷயம் அப்படியல்ல. அதை எழுதிவிட்டார்கள். தப்பாக எழுதிவிட்டார்கள்.

போன வருஷம் தெல்தெனியவிலிருந்து இருபது குஞ்சுகளை பிஸ்கட் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கோழி வளர்த்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்ற எண்ணம். பல்ப் தொங்கவிட்டேன், தீனி வைத்தேன், தண்ணீர் வைத்தேன், போய்த் தேத்தண்ணி குடித்தேன். இரண்டு நாள் துள்ளித் திரிந்தன. நாலாம் நாள் காலையில் மூன்று செத்துக் கிடந்தன. ஐந்தாம் நாள் ஐந்து. தீனித் தட்டு வைத்தபடியே நிறைந்திருந்தது. செத்த ஒன்றின் இரைப்பையைத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. சாப்பாட்டின் நடுவில் நின்று பட்டினியால் சாகும் ஜீவனை அன்றுதான் கண்டேன். எங்கள் சொந்தக்காரர் கல்யாணங்களில்கூட அப்படி நடந்ததில்லை.

மிச்சம் பன்னிரண்டு. அவையும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மிருக வைத்தியக் கந்தோருக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளைவிடச் சின்ன வயது.

"ஐயா, இதுகளுக்குச் சாப்பிடத் தெரியாது. தாய் கொத்திக் காட்டினாத்தான் பழகும்."

"அப்ப ஒரு கோழிக்குஞ்ச உள்ள விட்டா காட்டிக் குடுக்குமே டாக்டரம்மா?"

"ஐயோ, வேண்டாம்! கோழியில இருக்கிற ஒரு கிருமி கோழிக்கு ஒண்டும் செய்யாது, இதுகளின்ர ஈரலைத் திண்டுபோடும். கோழிக்கூட்டுக்குப் போட்ட செருப்போடகூட உள்ள போகாதேங்கோ. நீங்களே விரலால தட்டிக் காட்டுங்கோ."

இந்த வயதில் எனக்குத் தாய் உத்தியோகம் கிடைத்தது இப்படித்தான்.

மறுநாள் விடிந்ததும் தட்டுக்கு முன்னால் குந்தி, ஆள்காட்டி விரலால் தீனியைத் தட்டினேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"உங்க வெரலும் தீனியும் ஒரே நெறமா இருக்கு. அதுக எதப் பாத்து வரும்?"

திகன துணிக்கடைக்கு வேலைக்குப் புறப்பட்ட மருமகள், போகிற போக்கில் தண்ணீர்ச் சட்டியை நகர்த்த உள்ளே கையை விட்டாள். விரல்களில் சிவப்பு நகப்பூச்சு. நிற்கவே தள்ளாடிய பன்னிரண்டும் எழும்பி வந்து அந்த நகங்களைக் கொத்தின. "ஆ, மாமா! கொத்துதுக!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நகம் அவளுடையது, மறுக்கவில்லை. அவள் கையை இழுத்தாள். நான் யோசித்தேன்.

"அந்தப் பூச்சுப் போத்தலக் குடுத்துட்டுப் போம்மா."

"எதுக்கு மாமா?"

"பூசிக்கத்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் ஏழரை பஸ் போய்விட்டது.

சிவப்பு நகத்தோடு தட்டினேன், வந்தன. கொத்தின, தின்றன. நான் எழுந்தால் அவையும் நிறுத்திவிடும். ஆகவே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குந்தியே இருந்தேன். ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டினேன். சட்டியில் விழுந்து சாகாமலிருக்கக் கூழாங்கல் போட்டேன். பத்திரிகைத் தாளில் கால் வழுக்கி விரிந்துவிடும், அதனால் சாக்கு விரித்தேன். குளிருக்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும், அதனால் அட்டையை வளைத்து மூலையே இல்லாமல் செய்தேன். கோழிக்கு ஒரு செருப்பு, வான்கோழிக்கு ஒரு செருப்பு. "கோயிலுக்குப் போறப்பகூட இப்புடிக் கால் கழுவுனதில்ல மனுசன்" என்றாள் மனைவி.

தீனி முடிந்து திகனவுக்குப் போனபோது தீனிக்கடை முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, வெரல்ல மருதாணியா? மாப்புள மாதிரி ஈக்கிறீங்க!"

"பன்னெண்டு புள்ளைக்குச் சோறூட்டுற வெரலு இது. சீக்கிரமா மூட்டையத் தாங்க."

இரண்டாவது வாரம் டாக்டரம்மா பார்க்க வந்தார். பன்னிரண்டும் உயிரோடு நிற்பதைக் கண்டு, இதைத் துண்டுப் பிரசுரமாகப் போட்டு எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று படம் பிடிக்கப் போனை எடுத்தார். நான் விரலை நீட்டினேன்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கட நகம் பிளந்து கிடக்கு, படத்தில வடிவா வராது. தங்கச்சி, நீங்க ஒருக்காக் கையை வையுங்கோ."

தங்கச்சியான என் மருமகள் புதிதாகப் பூசிக்கொண்டு தயாராகத்தான் நின்றாள். நான் பெரிய மனது பண்ணி விலகினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் நான் போகுமுன்பே அவை தாமாகத் தின்றுகொண்டிருந்தன. விரலை நீட்டினேன், ஒன்றும் கவனிக்கவில்லை. பிழைத்துவிட்டன என்று அப்போதுதான் நம்பினேன். கொஞ்சம் கோபமும் வந்தது.

இப்போது பிரசுரம் வந்திருக்கிறது. வளையல் போட்ட கை, ஐந்து சிவப்பு நகம், சுற்றிலும் என் குஞ்சுகள். கீழே, வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் எளிதாகச் செய்யக்கூடிய முறையாம். ஓய்வு நேரமாம்! எளிதாம்! மனைவி அதை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் மருமகளிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அவளும், "மாமாவும் கொஞ்சம் ஒத்தாசை செஞ்சாரு" என்கிறாள்.

ஆகவே அந்த மிருக வைத்தியக் கந்தோருக்கு இதன்மூலம் தெரிவிப்பது: அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்தக் கையை எடுத்துவிட்டு என் விரலைப் போட வேண்டும். நகம் பிளந்தபடியே இருக்கட்டும். ஓய்வு நேரம் என்பதை அடித்துவிட்டு, ஒரு கிழவர் வேறு வேலை பார்க்காமல் குந்தியிருந்தார் என்று எழுத வேண்டும். முதல் எட்டும் செத்தது என் அறியாமையால். அதையும் போடுங்கள், எனக்கு வெட்கமில்லை. மற்றப் பன்னிரண்டையும் தின்ன வைத்தது நான். அதை விட்டுவிட்டு அச்சடிக்கக் கூடாது.