ஒரு பாத்திஹா நேரம்

ஸ்ஃபாக்ஸ் ஊர் ஆய்வுக்கூடத்தில் வஸீலாவுக்கு ஏழு வருஷமாக ஒரே வேலைதான். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கைவிட்டு, குரோமியம் அயோடைடு படிகத்தை ஒட்டுநாடாவால் உரிப்பாள். இரண்டே இரண்டு அடுக்காக மெலியும்வரை உரிப்பாள். நுண்ணோக்கியில் நிறத்தைப் பார்த்தே எத்தனை அடுக்கென்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண்ணில்தான், சனியன், புரை விழுந்திருந்தது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் பெட்டியை விட்டு எழுப்பி அலுவலகத்தில் உட்காரவைத்துவிடுவார்களே!

அன்று காலை இயற்பியலாளர் முன்ஸிஃப் வந்து நின்றார்.

"வஸீலா, நீ குடுத்தது ரெண்டு அடுக்கு இல்ல. மூணு."

"ரெண்டுதான் டாக்டர்."

"ரெண்டுன்னா மேலடுக்கு காந்தம் ஒரு பக்கம், கீழடுக்கு எதிர்ப்பக்கம். ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு ஒண்ணுமில்லாம போகணும். இதுல காந்தம் மிஞ்சி நிக்குதே!"

"என் கண்ணையா சந்தேகப்படுறீங்க?"

வீறாப்பாகத்தான் கேட்டாள். ஆனால் அவளுக்கே நிச்சயமில்லை, பாவம்.

முன்ஸிஃப் லேசரில் வைத்துச் சோதிக்கப் போனார். பாதாம் போட்ட தேநீர் அவள் முன்னால் ஆறிப்போனது. மதியம் திரும்பியவர் முகமே மாறியிருந்தது.

"ரெண்டேதான்! மன்னிச்சுக்கோ. ஆனா மேலடுக்கு கொஞ்சம் வழுக்கி, வேற மாதிரி உட்கார்ந்திருக்கு. உட்கார்ற விதம் மாறினதும் ரெண்டு காந்தமும் ஒரே பக்கம் திரும்பிடுச்சு. எப்படி வழுக்குச்சுன்னுதான் புரியல."

அப்பாடா என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் வஸீலாவுக்கு அது முடியாது.

"நான்தான் அழுத்திட்டேன். உரிச்ச நாடாவை எப்பவும் சூட்டுத் தட்டுல வெச்சு, ஒரு பிஸ்மில்லா சொல்ற நேரம்தான் அழுத்துவேன். அன்னைக்குப் பயத்துல பாத்திஹாவோட ஏழு வசனத்தையும் ஓதி முடிச்சுட்டேன், கையை எடுக்காம."

முன்ஸிஃப் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி பாவி! ஆறு மாசமா இந்த மாற்றத்தை வரவழைக்கத்தானே நான் தலையைப் பிச்சுக்கறேன்! நாளைக்கும் அப்படியே ஓது, பார்ப்போம். ஆமா, உனக்கென்ன பயம்?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"கண்ணு சரியாத் தெரியல டாக்டர். புரை. ரெண்டுன்னு சொன்னேனே, பாதி உத்தேசம்தான்."

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. எழுந்து போய்ப் பெட்டியின் கையுறை வாய் இரண்டையும் மூடினார். மூடிமேல் ஒரு தாளை ஒட்டி எழுதினார்: 'வஸீலாவின் இடம். யாரும் கைவிடக் கூடாது.'

"ஆபரேஷன் முடிச்சுட்டு வா," என்றார். "நான் காத்துக்கிட்டிருக்கேன்."

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தக் கூடத்தில் வஸீலா வாய்விட்டு அழுதாள்.